பாதித் தர்பூசணி

மாதம் 25,000 யென். இரண்டு பேர் வீட்டில் சமைத்துச் சாப்பிடுவதற்கு ககேய் ஷிரோ போட்டுவைத்திருக்கும் கணக்கு அது. அதற்கு மேலே போனால் அவன் முகம் மாறிவிடும். டோக்கியோவில் வக்கீல். நாற்பத்து மூன்று வயதுக்கு நம்ப முடியாத இளமையும் அழகும். நினைத்தால் இன்னும் நிறையச் சம்பாதிக்கலாம், ஆனால் பெரிய வழக்குகளைத் தேடிப் போகிறவன் இல்லை. ஆறு மணி ஆனதும் மேசையை ஒழித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். நேரே சூப்பர் மார்க்கெட். கீரைக்கட்டு நேற்றைவிட எத்தனை யென் குறைவு, தள்ளுபடியில் கிடக்கும் மீனை இன்றே சமைப்பதா நாளைக்கு வைப்பதா என்று மனத்துக்குள் அவன் நடத்தும் வாதங்கள் நமக்குக் கேட்கும். நீதிமன்றத்தில் அவன் இவ்வளவு தீவிரமாக வாதாடி நாம் பார்ப்பதில்லை.

வீட்டில் அவனோடு இருப்பவன் யபுகி கென்ஜி. முடிதிருத்தும் சலூன் ஒன்றில் வேலை. ஷிரோவைவிட இரண்டு வயது சின்னவன். கண்ணில் சட்டென்று நீர் முட்டும் சுபாவம், வாய் நிறையப் பேச்சு. கடையில் விலையுயர்ந்த ஐஸ்கிரீமைக் கண்டால் கை தானாகப் போய்விடும். அதற்காக ஷிரோவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். இரண்டு ஆண்களும் கணவன் மனைவி போல என்று எழுதக் கை வருகிறது. அந்த ‘போல’வில்தான் இந்தத் தொடரின் கதை முழுக்க இருக்கிறது.

‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ என்பது தொடரின் பெயர். யொஷினாகா ஃபுமி 2007-இலிருந்து கோதான்ஷா நிறுவனத்தின் ‘மார்னிங்’ இதழில் வரைந்துவரும் மங்கா இது. 2019 ஏப்ரல் முதல் ஜூன் வரை டிவி டோக்கியோவில் பன்னிரண்டு பகுதிகளாக வந்தது. திரைக்கதை அதாச்சி நாஓகோ. ஷிரோவாக நிஷிஜிமா ஹிதேதொஷி, கென்ஜியாக உச்சினோ செய்யோ. 2020 புத்தாண்டன்று ஒரு சிறப்புப் பகுதி, 2021 நவம்பரில் திரைப்படம், 2023 அக்டோபரில் இரண்டாம் பருவம் என்று அது வளர்ந்தது. ஒளிபரப்பானது வெள்ளிக்கிழமை இரவு பன்னிரண்டு மணி தாண்டிய பிறகு. டோக்கியோவின் பெரிய தொலைக்காட்சிகளில் டிவி டோக்கியோ கடைக்குட்டி. மற்றவர்கள் நட்சத்திரங்களை வைத்துக் கோட்டை கட்டும்போது, இது நள்ளிரவில் யாராவது ஒருவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைக் காட்டிப் பெயர் வாங்கிய நிறுவனம். 2012-இல் தொடங்கிய ‘தனிமையின் சுவைஞன்’ இன்றும் அதன் அடையாளம். ஆக, சாப்பாட்டுத் தொடர் என்ற போர்வையில் இரண்டு ஆண்களின் குடும்ப வாழ்க்கை அங்கே எளிதாக உள்ளே வந்துவிட்டது.

போர்வை என்று சொன்னேன், ஆனால் சமையலை இவர்கள் சாக்காக வைத்துக்கொள்ளவில்லை. முதல் பகுதியில் ஷிரோ சால்மன் மீனும் மைதாகே காளானும் கோபோ என்ற நீளமான வேர்க்கிழங்கும் சேர்த்துச் சோறு வைக்கிறான். கோபோவை பென்சில் சீவுவதுபோலச் சீவித் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். ஊறிய அரிசியின் மேல் சோயா, சாக்கே, கிழங்கு, காளான், எல்லாவற்றுக்கும் மேலே மீன் துண்டு. சோறு வெந்ததும் மீனை எடுத்து முள்ளையும் தோலையும் நீக்கி, உதிர்த்துத் திரும்பவும் கலக்க வேண்டும். குக்கர் தன் வேலையைப் பார்க்கும் நேரத்தில் கீரை, பொரித்த தோஃபு, மிசோ சூப் என்று மற்றவை முடிய வேண்டும். ஒன்று காரம் என்றால் இன்னொன்று புளிப்பு. ஒன்று எண்ணெயில் புரண்டது என்றால் மற்றது வேகவைத்தது. எல்லாம் ஒரே நேரத்தில் சுடச்சுட மேசைக்கு வர வேண்டும் என்பது அவன் பிடிவாதம். எந்த அடுப்பில் எது எப்போது என்ற அந்த மனக்கணக்கை யொஷினாகா பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறார். தொடர் அதை ஷிரோவின் உள்குரலாக்கியிருக்கிறது. புட்டியில் விற்கும் நூடுல்ஸ் குழம்புச் சாற்றை ஊற்றி வேலையைச் சுருக்கிக்கொள்ளவும் ஷிரோ வெட்கப்படுவதில்லை. சமையற்கலைஞன் சமைப்பதல்லவே, வேலைக்குப் போய்விட்டு வந்தவன் சமைப்பது.

பிறகு கதவு திறக்கும். கென்ஜி வருவான். உட்கார்ந்து முதல் வாய் எடுத்து வைத்ததும் அவன் முகத்தில் விரியும் அந்த ஆனந்தம் ஒவ்வொரு வாரமும் வரும், ஒவ்வொரு வாரமும் புதிதாக இருக்கும். உச்சினோ 2007-இல் என்.எச்.கே.யின் வரலாற்றுத் தொடரில் யமமோதோ கன்சுகே என்ற முரட்டுப் போர்த்தந்திரியாக நடித்தவர். அதே ஆள் இங்கே இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கீரைக்குக் கண் கலங்குகிறார். சில இடங்களில் நளினத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் கென்ஜி அழும் இடங்களில் அந்த எண்ணம் இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும். நிஷிஜிமா இதற்கு நேரெதிர். முகத்தில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கமாட்டார். அடுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்கும் முதுகை வைத்தே பாதி நடிப்பு. இரண்டு ஆண்டு கழித்து ‘டிரைவ் மை கார்’ படத்தில் உலகம் கண்டு வியந்த அந்த அடக்கத்தை, டோக்கியோவின் நள்ளிரவுப் பார்வையாளர்கள் கீரை அலசும் இடத்திலேயே பார்த்திருந்தார்கள்.

ஷிரோவின் சிக்கனத்தை முதலில் ஒரு வேடிக்கையான குணமாகத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். தொடரும் அதைச் சிரிப்புக்குப் பயன்படுத்துகிறது. பத்து யென் மிச்சப்பட்டால் அவனுக்கு வரும் வெற்றிப் பெருமிதம் பார்க்க வேண்டிய ஒன்று. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வருகிறது. அவனுக்குப் பிள்ளை பிறக்கப்போவதில்லை. படுத்தால் பார்க்கச் சட்டம் யாரையும் அவன் பக்கத்தில் உட்காரவைத்திருக்கவில்லை. முதுமைக்கு இருப்பது சேமிப்பு ஒன்றுதான். தள்ளுபடி மீனில் மிஞ்சுகிற நூறு யென் அந்தப் பயத்திற்குக் கட்டும் தவணை.

ஜப்பானில் ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. 1870-களில் சில ஆண்டுகள் இருந்த ஒரு தடையைத் தவிர, அந்த நாட்டுச் சட்டம் இதைத் தண்டித்ததே கிடையாது. போலீஸ் கதவைத் தட்டாது. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் எழுதிக்கொள்ளவும் மாட்டார்கள். யாருக்கு யார் மனைவி, யாருக்கு யார் மகன் என்பதையெல்லாம் கோசெகி என்ற குடும்பப் பதிவேடு தீர்மானிக்கிறது. சொத்து, மருத்துவமனை, ஈமச்சடங்கு எல்லாம் அந்தத் தாளின் நிழலில் நடப்பவை. ஷிரோவின் தாளில் கென்ஜி இல்லை. மங்கா தொடங்கிய 2007-இல் அந்தக் குறையை ஈடுகட்ட ஓர் ஊராட்சிச் சான்றிதழ்கூடக் கிடையாது. 2015-இல்தான் டோக்கியோவின் ஷிபுயாவும் செதகயாவும் இணையர் சான்று தரத் தொடங்கின. 2022-இல் டோக்கியோ மாநகரமே தந்தது. வீடு வாடகைக்குப் பிடிக்கவும் மருத்துவமனையில் ஒரு கையெழுத்துக்கும் அது உதவும், வாரிசுரிமைக்கு உதவாது. 2021 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், தன்பாலினத்தவருக்குத் திருமணத்தின் பலன்களை அறவே மறுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2024 மார்ச்சில் அங்குள்ள உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொன்னது. தீர்ப்புகள் சேர்ந்துகொண்டே போயின. குடிமைச் சட்டம் அசையவில்லை.

இவ்வளவு விவகாரத்தையும் தொடர் எங்கும் பிரசங்கம் செய்யாது. எனக்குப் பிடித்த இடம் ஒன்றைச் சொன்னால் இவர்கள் வேலை செய்யும் விதம் விளங்கும். சூப்பர் மார்க்கெட்டில் தர்பூசணி மலிவாகக் கிடக்கிறது. ஷிரோவுக்கு ஆசை. ஆனால் முழுப்பழம் இரண்டு பேருக்கு மிக அதிகம். அதே பழத்தைப் பார்த்து அதே கணக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு நடுத்தர வயது இல்லத்தரசி, பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். டொமினாகா கயோகோ என்பது அவர் பெயர். தனகா மிசாகோ நடித்திருக்கிறார். பழத்தை வெட்டக் கத்தி வேண்டும். அவர் வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை. முன்பின் தெரியாத ஓர் ஆணைத் தனியாக வீட்டுக்குள் அழைத்து வந்துவிட்டோம் என்பது கயோகோவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அவர் முகம் வெளிறுவதைப் பார்த்து ஷிரோவுக்கும் கை கால் ஓடவில்லை. பயப்படாதீர்கள், நான் ஆண்களை விரும்புகிறவன் என்று போட்டு உடைத்துவிடுகிறான்.

அலுவலகத்தில் எத்தனையோ வருடம் மூச்சுவிடாமல் காத்த ரகசியம், பாதித் தர்பூசணிக்காக, முன்பின் அறியாத ஒருவருக்கு முன்னால் கொட்டிவிடுகிறது. கயோகோ விழுந்துவிடவில்லை. கட்டிப்பிடித்துக் கண்ணீரும் விடவில்லை. அப்படியா என்று கேட்டுவிட்டு நிம்மதியாகப் பழத்தை வெட்டப் போய்விடுகிறார். அன்றிலிருந்து இரண்டு பேரும் கடைத்தெருக் கூட்டாளிகள். மொத்தமாக வாங்கியதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், மீந்ததை வைத்து என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். கயோகோவின் கணவர் இன்னும் ஒரு படி மேல். எனக்குத் தெரிந்த ஒருவரும் உங்களைப் போலத்தான், அறிமுகப்படுத்தட்டுமா என்று கேட்கிறார். ஒரே ஊர்க்காரர்கள் இருவரை அறிமுகப்படுத்தி வைக்கும் அதே வெள்ளை மனசு. ஷிரோ நெளிகிறான். பார்க்கும் நமக்கும் நெளிவாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. நல்லெண்ணத்தில் எவ்வளவு அசட்டுத்தனம் கலந்திருக்கும், அதை வைத்துக்கொண்டே எவ்வளவு தூரம் ஒன்றாக நடக்கலாம் என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

அப்படி அறிமுகமாகிறவன்தான் கொஹினாதா. யமமோதோ கோஜி நடித்த பாத்திரம். அகன்ற தோள், கறாரான முகம்; ஷிரோவுக்குப் பிடித்த சாயல் அசல் அவனுடையதுதான், கென்ஜியுடையது அன்று. இதைத் தொடர் மறைப்பதில்லை. கொஹினாதா தன் துணையைப் பற்றி உருகி உருகிப் பேசுவான்: ஜில்பேர் போன்ற அழகன் என்று. ஜில்பேர், தகெமியா கெய்கோ 1976-இல் வரையத் தொடங்கிய ‘காற்றும் மரமும் பாடும் கவிதை’யின் நாயகன். பிரெஞ்சுப் பள்ளி விடுதி, பொன்முடி, கண்ணாடிபோல் உடையும் உடம்பு. பெண்களுக்காகப் பெண்கள் வரைந்த ஆண்-ஆண் காதல் என்ற மரபுக்கே மூலவிக்கிரகம் அவன். கென்ஜி ஆவலும் பொறாமையுமாகக் காத்திருக்கிறான். வந்து சேர்வது தாடியும் மீசையும் தொளதொளச் சட்டையுமாக, எல்லோரையும் குத்திப் பேசும் ஒரு பையன், இனோவே வதரு. நடித்தவர் இசோமுரா ஹயாதோ. அவன் முகத்தைப் பார்த்ததும் கென்ஜியின் கற்பனை சரிவதைப் பார்க்க வேண்டும்.

இது வெறும் நகைச்சுவை என்று நினைத்துவிடக் கூடாது. யொஷினாகா 1971-இல் பிறந்தவர், அந்தப் பொன்முடி மரபைப் படித்து வளர்ந்து, அதற்குள்ளேயே வரையத் தொடங்கியவர். ‘ஆண்டிக் பேக்கரி’யும், ஆண்கள் அருகிப்போன எடோ காலத்தில் பெண்கள் ஷோகன்களாக ஆளும் ‘ஓஓகு’வும் அவருக்குப் பரிசுகளைத் தந்தவை. அந்த மரபில் காதல் என்றால் விதி, துயரம், இளமையில் சாவு. அங்கே யாருக்கும் நாற்பது வயதாவதில்லை. வெங்காயத்தாள் விலை யாருக்கும் தெரியாது. ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ வருவதோ ஆண்கள் வேலைக்குப் போகும் வழியில் படிக்கும் இதழில். அதில் மனிதர்களுக்கு வயது ஏறுகிறது. படிப்பவருக்கு ஒரு வருடம் போனால் ஷிரோவுக்கும் ஒரு வருடம் போகிறது. கண்ணுக்குக் கண்ணாடி வருகிறது, எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாமல் போகிறது, பெற்றோர் தளர்கிறார்கள். விலைவாசியும் சும்மா இருப்பதில்லை. இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் ஷிரோ சாப்பாட்டுச் செலவை 30,000 யென் ஆக்க ஒப்புக்கொள்கிறான். ஒரு பேரரசு வீழ்ந்ததுபோல் அவன் அதை எதிர்கொள்வது தனிக்கதை. ஜில்பேருக்கு மறுக்கப்பட்ட முதுமையை யொஷினாகா இந்த இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார்.

இதே காலத்தில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வேறு முயற்சிகளும் உண்டு. தாகமே கெங்கோரோவின் ‘தம்பியின் கணவன்’ 2018-இல் என்.எச்.கே.யில் மூன்று பகுதிகளாக வந்தது. எழுதியவர் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர். ஜப்பானியக் குடும்பம் ஒன்றின் கதவைத் தட்டி உள்ளே வரும் கனடாக்காரரின் கதை. அது நேராகக் கேள்வி கேட்கிறது. ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ கேள்வியைக் கீரைக்கட்டோடு சேர்த்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. பன்னிரண்டு பகுதிகளில் ஒரு முத்தம் கிடையாது. ஒரே வீட்டில் வாழும் இரண்டு பேருக்கு உடம்பே இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. எல்லோரும் ஏற்றுக்கொள்ளும்படி சோற்றைப் போட்டு மூடிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அது முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். நல்ல சம்பளம், சொந்தமாகப் படுக்கையறை, தொல்லை தராத அண்டை வீட்டார் என்று இந்த உலகம் வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுத்தர வயதில் பல ஆண்டுகள் சேர்ந்து வாழும் எந்த இணையைத் தொலைக்காட்சி முத்தமிடக் காட்டியிருக்கிறது? வேலை முடிந்து வந்தவனுக்குச் சூடாக எடுத்துவைப்பது, அவனுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே மலிவான ஸ்ட்ராபெர்ரியை வாங்கி ஜாம் காய்ச்சிவைப்பது, இவற்றில் உடம்பு இல்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தொடக்கப் பாடலின்போது வீட்டார் யாரோ கைபேசியில் பிடித்ததுபோல இரண்டு பேரும் அடுக்களையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த உரசலில் நெருக்கம் இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. ஷிரோவின் நிம்மதிக்கான விலையைக் கொடுப்பது கென்ஜி. இரண்டு பேரும் பகலில் சேர்ந்து ஒரு காப்பிக்கடையில் உட்கார முடியாது, யாராவது பார்த்துவிடுவார்கள். தெருவில் சற்று விலகி நடக்க வேண்டும். கென்ஜி சலூனில் வாடிக்கையாளர் ஒருவரிடம் தன் ஆள் ஒரு வக்கீல் என்று சொல்லிவிட்டது தெரிந்தபோது ஷிரோ சீறுகிறான். கென்ஜி கத்துவதில்லை. முதலாளி தன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறார். என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவரைப் பற்றி நான் மட்டும் ஏன் பேசக் கூடாது என்று கேட்கிறான். அவ்வளவுதான். வக்கீலுக்குப் பதில் வரவில்லை. அந்த முதலாளி மியாகே மனைவிக்குத் துரோகம் செய்துகொண்டிருப்பவர் என்பது பிறகு தெரியவரும். அவர் பேச்சுக்கு அதனால் ஒரு பங்கமும் வருவதில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறதே.

ஷிரோவைக் கோழை என்று சொல்லிவிடுவது எளிது. தொடர் அவனைக் காப்பாற்றவும் முனைவதில்லை, விளாசவும் முனைவதில்லை. கோழைத்தனம் எப்படி ஒரு அன்றாடப் பழக்கமாக, சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல ஒழுங்காக நடக்கிறது என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. கூடவே, அது எத்தனை மெதுவாக இளகுகிறது என்பதையும். முதல் பருவம் முடிவதற்குள் அவன் கென்ஜியோடு ஒரு காப்பிக்கடையில் உட்காருகிறான். வேறு தொடராக இருந்தால் அது காட்சியே இல்லை. இங்கே அது உச்சக்கட்டம்.

பெற்றோர் பகுதிக்கு வருகிறேன். ஷிரோவின் அம்மா ஹிசாவேயாக நடித்திருப்பவர் கஜி மெய்கோ. 1973-இன் ‘பனிரத்தச் சீமாட்டி’யில் குடைக்குள் வாளை ஒளித்துவைத்துப் பழிதீர்த்த அதே கஜி மெய்கோ. அந்தக் கூர்மையான கண்களோடு இங்கே மகனைத் தொலைபேசியில் அழைத்து, நீ ஆணை விரும்பினாலும் சரி, குற்றவாளியாக இருந்தாலும் சரி, அம்மா உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. மகனைப் புரிந்துகொள்ளப் படிக்கிறார், பேசுகிறார், மூச்சுமுட்டும் அளவுக்குப் பரிவைக் காட்டுகிறார். முன்பு, மகன் இப்படி என்று தெரிந்த புதிதில், ஏதோ ஒரு புதுமதக் கும்பலிடம் நிறையப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவர். ஏற்றுக்கொள்வது என்பது ஒருமுறை நடந்து முடிகிற காரியம் என்று நம்புகிற கதைகளையே பார்த்துப் பழகிய நமக்கு, ஹிசாவே தினமும் புதிதாகத் தொடங்கித் தினமும் தடுக்கி விழுவது புதிது.

புத்தாண்டு ஜப்பானில் குடும்பத்தின் நாள். ஷிரோ பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுவான். கென்ஜி தனியாக இருப்பான். அப்படி ஒரு புத்தாண்டில் அவன் சப்போரோ இச்சிபான் மிசோ ராமென் பாக்கெட்டை உடைத்து, ஷிரோ இருந்தால் விடமாட்டான் என்று தெரிந்து தன் இஷ்டத்துக்கு மேலே இதையும் அதையும் அள்ளிப்போட்டுச் செய்து சாப்பிடுகிறான். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பாக்கெட் நூடுல்ஸ். அவன் முகத்தில் நிஜமான சந்தோஷம். தனிமையைக் காட்ட இருட்டறையும் சோக இசையும் வைக்காமல், ருசித்துச் சாப்பிடும் ஒருவனைக் காட்டியது யார் யோசனையோ, அவருக்கு என் வணக்கம்.

முதல் பருவத்தின் கடைசியில் வரும் புத்தாண்டுக்கு ஷிரோ அவனையும் பெற்றோர் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். கென்ஜி சட்டை தலைமுடி எல்லாம் பார்த்துப் பார்த்துச் சீர்செய்துகொண்டு போகிறான். பெற்றோர் தவறாக ஏதும் செய்யவில்லை. சாப்பாடு, பழைய படங்கள், பதற்றமான உபசாரம். அப்பா ஷிரோவைத் தனியே அழைத்து அசட்டுக் கேள்வி ஒன்று கேட்கிறார். மகன் வீட்டில் சேலை சுற்றாத குறையாக ஏதேனும் வேடம் போட்டுக்கொள்கிறானோ என்று அந்த மனிதருக்கு இத்தனை நாளும் உள்ளுக்குள் ஓடியிருக்கிறது. திரும்பும் வழியில் கென்ஜி அழுகிறான். இனி செத்தாலும் பரவாயில்லை என்கிறான். காதலனின் பெற்றோர் வீட்டில் புத்தாண்டுச் சோறு சாப்பிடுவது தன் வாழ்நாளில் நடக்கும் என்று அவன் எண்ணியதே இல்லை.

தொடர் அங்கேயே நின்றிருக்கலாம். நின்றிருந்தால் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு எல்லோரும் தூங்கப் போயிருப்போம். 2021-இன் திரைப்படம் விடவில்லை. பிறந்தநாள் பரிசாக ஷிரோ கென்ஜியை கியோதோவுக்குக் கூட்டிச்செல்கிறான். இத்தனை கஞ்சன் இத்தனை செலவு செய்கிறானே என்று கென்ஜிக்குச் சந்தேகம். சாகப்போகிறானோ என்றுகூட நினைக்கிறான். உண்மை அங்கே வெளியாகிறது. புத்தாண்டில் கென்ஜி வந்துபோன பிறகு அம்மா படுத்துவிட்டார். இனி கென்ஜியைக் கூட்டிவர வேண்டாம் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டுவிட்டார்கள். முகம் கோணாமல் பரிமாறிய கை, விருந்தாளி போன பிறகு நடுங்கியிருக்கிறது. ஹிசாவே கெட்டவர் இல்லை. அவர் உடம்பு அவர் சொல்லைக் கேட்கவில்லை. கென்ஜி கோபப்படுவதும் இல்லை. இதைச் சொல்வதற்குத்தான் ஷிரோ இத்தனை கோயில்களைச் சுற்றிக்காட்டினானா என்று நினைத்தால் அவனை உலுக்கத் தோன்றுகிறது. கடைசியில் ஷிரோ ஒரு முடிவுக்கு வருகிறான்: என் குடும்பம் கென்ஜி, புத்தாண்டு அவனோடுதான். அம்மாவுக்கு வலிக்கும் என்று தெரிந்தே சொல்கிறான். ஐந்து யென்னுக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவன் எடுத்த, திரும்ப வாங்க முடியாத முடிவு அது.

மீதியிருப்பது தெத்சு என்ற பெரியவரின் கதை. ஷிரோ-கென்ஜியைவிட மூத்த இணை ஒன்று தொடரில் உண்டு, தெத்சுவும் யொஷியும். அவர்கள் விருந்துக்கு வரும்போது தெத்சு ஷிரோவிடம் ஒரு சட்ட யோசனை கேட்கிறார். தான் சம்பாதித்ததில் ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு சல்லிக்காசு போகக் கூடாது, எல்லாம் யொஷிக்கே போக வேண்டும், வழி என்ன? குரலில் வெறுப்புகூட இல்லை, கணக்கு முடிக்கும் நிதானம்தான். உயில் எழுதினால் போதாது. பிள்ளையும் மணத்துணையும் இல்லாமல் ஒருவர் இறந்தால், பெற்றோருக்கு மூன்றில் ஒரு பங்கைச் சட்டம் ஒதுக்கிவைக்கிறது. உயிலால் அதைத் தொட முடியாது. பிள்ளை இருந்தால் பெற்றோருக்கு ஒன்றுமில்லை. ஆகவே யொஷியைத் தத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான் ஷிரோ. வளர்ந்த ஆளைத் தத்தெடுப்பது ஜப்பானில் புதிதில்லை. கடைக்கும் குடும்பப் பெயருக்கும் வாரிசு தேடி மருமகனைத் தத்தெடுப்பது அங்கே பழைய வழக்கம். தத்துப் போகிறவர் தத்தெடுப்பவரைவிட ஒரு நாளாவது இளையவராக இருந்தால் போதும். தம்பதியாகப் பதிய முடியாத இருவர், தகப்பனும் மகனுமாகப் பதிந்துகொள்ளலாம். யொஷிக்கும் சம்மதம், சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கென்ஜி அந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தைக் கேமரா அதிகம் துருவுவதில்லை.

இந்த வழியில் ஷிரோவும் கென்ஜியும் போனால் என்ன ஆகும் என்று நான் போட்டுப் பார்த்ததுண்டு. ஷிரோ மூத்தவன், ஆகவே அவன் தகப்பன். கென்ஜி யபுகி என்ற பெயரை விட்டுவிட்டு ககேய் ஆவான். ஜப்பானியக் குடிமைச் சட்டப்படி, தத்து நடந்த நாளிலிருந்து தத்துப் பிள்ளைக்கும் தத்தெடுத்தவரின் இரத்த உறவுகளுக்கும் உறவு உண்டாகிறது. அப்படியானால், எந்த அம்மா கென்ஜி வந்துபோனதும் படுத்த படுக்கையானாரோ, அந்த ஹிசாவேயின் பேரன் கென்ஜி. நாற்பது தாண்டிய, நரையை மறைக்கத் தெரிந்த, சலூன்காரப் பேரன். மருமகனாக அவன் எழுதப்பட முடியாத அதே பதிவேட்டில் அதை எழுதிக்கொள்ள எந்த குமாஸ்தாவுக்கும் தயக்கம் இருக்காது.